கல்லில் எஞ்சும் உயிர்வேதியியல்: தொல்விலங்குகளின் மூலக்கூறுகள் எவ்வளவு காலம் தாங்கும்?

ஒரு விலங்கு இறந்ததும் அதன் உடல் சிதையத் தொடங்குகிறது. முதலில் உடலின் சொந்த நொதிகளும், பிறகு பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதைக் கரைக்கின்றன. அவை விட்டுவைத்ததை நீரும் ஆக்சிஜனும் வெப்பமும் பதம் பார்க்கின்றன. எலும்பு, பல், ஓடு போன்ற கடினப் பகுதிகள் மண்ணில் புதையுண்டு, தாதுக்கள் ஏறிக் கல்லாகின்றன. ஆகவே புதைபடிவம் என்பது உருவம் மட்டும் எஞ்சிய கல், அந்த உயிரின் சொந்த வேதிப்பொருள் எதுவும் அதில் இராது என்பதே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்த விடை.

அந்த விடை முழுமையானதல்ல என்பதற்கான சான்றுகள் கடந்த எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்துவருகின்றன. அதே காலத்தில், எஞ்சியிருப்பதாக அறிவிக்கப்பட்ட மூலக்கூறுகள் பல, பின்னர் வெளியிலிருந்து புகுந்த மாசு என்று தள்ளப்பட்டும் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கின் கரிம மூலக்கூறு கல்லுக்குள் தாங்கி நிற்குமா? நிற்கும் என்றால் எது, எந்த வடிவில், எந்தச் சூழலில் நிற்கும்? இக்கேள்விக்கு இதுவரை அளிக்கப்பட்ட முக்கிய விடைகளையும் அவற்றின் பலம், பலவீனங்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கேள்வியின் பிறப்பு

இத்துறைக்கு முதல் அடித்தளம் விலங்கு எலும்பில் இடப்படவில்லை, பெட்ரோலியத்தில்தான் இடப்பட்டது. 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரட் டிரைப்ஸ், கச்சா எண்ணெயில் போர்பிரின் வகைச் சேர்மங்களைக் கண்டறிந்து, அவை தாவரப் பச்சையத்தின் வழிவந்தவை என்று காட்டினார். உயிரில் உருவான ஒரு மூலக்கூறின் அடிப்படைக் கட்டமைப்பு, சில பகுதிகளை இழந்தும், புவியியல் காலம் முழுக்க நிலைக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

விலங்குப் புதைபடிவங்களில் இந்தத் தேடலைத் தொடங்கியவர் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஏபெல்சன். 1950களின் நடுப்பகுதியில் தொன்மையான ஓடுகளிலும் எலும்புகளிலும் அமினோ அமிலங்கள் இருப்பதை அவர் அறிவித்தார். அலனின் போன்ற எளிய அமினோ அமிலத்தை உயர் வெப்பத்தில் சிதைத்து, சிதையும் வேகத்தை அளந்து, குளிர்ந்த சூழலில் அது மிக நெடுங்காலம் தாங்கும் என்றும் கணக்கிட்டார். 1966இல் போலந்து ஆய்வாளர்கள் கோபிப் பாலைவன டைனோசர் எலும்பை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, செல்களையும் கொலாஜன் இழைகளையும் இரத்தக் குழாய்களையும் ஒத்த அமைப்புகள் தெரிவதாக எழுதினர்.

ஆயினும் இந்தத் தொடக்ககாலச் சான்றுகளில் ஒரு பெரிய குறை இருந்தது. அமினோ அமிலங்கள் எல்லா உயிர்களுக்கும் பொதுவானவை. எலும்பில் கிடைத்த அமினோ அமிலம் டைனோசருடையதா, பின்னால் ஊடுருவிய பாக்டீரியாவுடையதா, தொட்ட கையிலிருந்து ஒட்டியதா என்பதை அந்த மூலக்கூறை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்குப் பகுதி விடையாக ஒரு சோதனை உருவாயிற்று. உயிரிகளின் புரதங்களில் ஏறத்தாழ எல்லா அமினோ அமிலங்களும் இடஞ்சுழி வடிவில் உள்ளன. உயிர் போனபின் அவை மெல்ல மெல்ல வலஞ்சுழி வடிவுக்கு மாறி, இரண்டும் சமநிலையை எட்டுகின்றன. கோடி ஆண்டு பழமையான எலும்பில் இடஞ்சுழி வடிவம் மட்டுமே கிடைத்தால், அது அண்மையில் வந்து சேர்ந்தது என்று ஐயுறுவதே முறை.

டி.என்.ஏ.: எழுச்சியும் எல்லையும்

1984இல், அற்றுப்போன குவாகா எனும் வரிக்குதிரை வகையின் அருங்காட்சியகத் தோலிலிருந்து டி.என்.ஏ. துண்டுகள் எடுக்கப்பட்டன. அதன்பின் பாலிமரேஸ் சங்கிலி வினை என்னும் பெருக்க முறை பரவலாயிற்று. 1990களின் தொடக்கத்தில் அம்பருக்குள் சிக்கிய தேனீ, கரையான், வண்டு ஆகியவற்றிலிருந்து 2.5 கோடி முதல் 12 கோடி ஆண்டுகள் வரை பழமையான டி.என்.ஏ. கிடைத்ததாக அறிவிப்புகள் வந்தன. 1994இல் கிரெட்டேசியஸ் கால எலும்புத் துண்டுகளிலிருந்தும் டி.என்.ஏ. வரிசை கிடைத்ததாகச் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியாயிற்று.

இவற்றில் எதுவும் நிலைக்கவில்லை. 1994 வரிசை, மனித மரபணுத் தொகுதியில் உள்ள ஒரு பகுதியுடன் நெருங்கிய உறவுடையது என்று அடுத்த ஆண்டே காட்டப்பட்டது. அம்பர் முடிவுகளை மறுபடி பெற லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் முயன்று, இயலவில்லை என்று 1997இல் அறிவித்தனர். பெருக்க முறையின் பலமே இங்கு பலவீனமாயிற்று. ஒற்றைத் துணுக்கையும் கோடி மடங்கு பெருக்கும் முறை, ஒற்றை மாசையும் அவ்வாறே பெருக்கிவிடும்.

வேதியியல் காரணத்தை 1993இலேயே தாமஸ் லிண்டால் விளக்கியிருந்தார், டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்றவர் அவர். டி.என்.ஏ. நீரில் தானாகவே உடையும் மூலக்கூறு. உயிருள்ள செல் அதை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருப்பதால்தான் அது நிலைக்கிறது. இறப்புக்குப் பின் அந்தப் பழுதுபார்ப்பு நின்றுவிடுகிறது. 2012இல் நியூசிலாந்தின் மோவாப் பறவை எலும்புகள் 158ஐ ஆராய்ந்த குழு, அந்தப் புதைவிடச் சூழலில் குறிப்பிட்ட நீளமுள்ள மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. துண்டின் அரை ஆயுள் 521 ஆண்டுகள் என்று மதிப்பிட்டது. உறைநிலைக்குக் கீழே –5 டிகிரியில்கூட ஏறத்தாழ 68 இலட்சம் ஆண்டுகளில் எல்லாப் பிணைப்புகளும் அறுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

பின்னர் வந்த கண்டுபிடிப்புகள் இந்த எல்லைக்குள்ளேயே அமைகின்றன. 2021இல் சைபீரிய மாமத யானைப் பற்களிலிருந்து 10 இலட்சம் ஆண்டுகளைத் தாண்டிய டி.என்.ஏ.யும், 2022இல் வட கிரீன்லாந்தின் படிவுகளிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டு பழமையான டி.என்.ஏ.யும் படிக்கப்பட்டன. இரண்டுமே உறைநிலத்தில் காக்கப்பட்டவை. டைனோசர் காலத்தின் கடைசி எல்லை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தத் தொலைவுக்கு டி.என்.ஏ. வரிசை எட்டாது என்பதில் இன்று பரவலான உடன்பாடு உண்டு.

எலும்புக்குள் புரதம்: எஞ்சியது என்ற வாதம்

புரதத்தின் நிலை வேறு. எலும்பின் முதன்மைப் புரதமான கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிப் பின்னிய கட்டமைப்பு உடையது. அதன் இழைகளும் தாதுப் படிகங்களும் நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன. நுண்ணுயிர்களின் நொதிகள் எளிதில் எட்டாத இடம் அது. ஆகவே டி.என்.ஏ.யைவிடக் கொலாஜன் நெடுங்காலம் தாங்கும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எவ்வளவு நெடுங்காலம் என்பதில்தான் கருத்து பிளவுபடுகிறது.

இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பவர் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் மேரி ஷ்வைட்சர். மொன்டானாவின் ஹெல் கிரீக் பாறையடுக்கில் கிடைத்த, ஏறத்தாழ 6.8 கோடி ஆண்டு பழமையான டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடையெலும்பை ஹெலிகாப்டரில் ஏற்றுவதற்காக உடைக்க வேண்டியிருந்தது. உடைந்த உட்பகுதியிலிருந்து தாதுவை நீக்கிப் பார்த்தபோது வளையும், இழுபடும் இழையங்களும், கிளைத்த குழாய்களும், செல் போன்ற அமைப்புகளும் எஞ்சின என்று அவர் குழு 2005இல் அறிவித்தது. 2007இல் ஜான் அசாராவின் குழு நிறை நிறமாலைமானி வழியே அந்த எலும்பில் கொலாஜன் துண்டுகளின் அமினோ அமில வரிசைகளைப் படித்ததாகவும், அவை பறவைகளின் கொலாஜனை ஒத்திருப்பதாகவும் எழுதியது.

விமர்சனங்கள் எழுந்ததும், அதே குழு கூடுதல் எச்சரிக்கையோடு இரண்டாவது சோதனையை மேற்கொண்டது. ஏறத்தாழ 8 கோடி ஆண்டு பழமையான பிராக்கிலோபோசாரஸ் எலும்பு, சூழ்ந்த மணற்கல்லோடு சேர்த்தே பெயர்த்து எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2009இல் கொலாஜன் வரிசைகள் அதிலும் அறிவிக்கப்பட்டன. 2017இல் மேம்பட்ட கருவிகளைக் கொண்டு அதே மாதிரி மறுபடி ஆராயப்பட்டது. 2015இல் லண்டன் குழு ஒன்று, சிறப்பாகப் பேணப்படாத சாதாரண அருங்காட்சியக எலும்புகளிலும் இழைகளையும் சிவப்பணு போன்ற உருவங்களையும் கண்டதாக எழுதிற்று. 2025இல் லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு, எட்மண்டோசாரஸ் எலும்பில் கொலாஜனின் அடையாளமான ஹைட்ராக்சிபுரோலினை அளந்திருப்பதாக அறிவித்தது.

இவ்வாதத்தின் பலம், வெவ்வேறு முறைகள் ஒரே திசையைக் காட்டுவதில் இருக்கிறது. நுண்ணோக்கி, எதிர்ப்பொருள் சோதனை, நிறை நிறமாலை ஆகியவை தனித்தனி அடிப்படையில் இயங்குபவை.

மறுப்புகள்: மாசு, நுண்ணுயிர், வேதிக் கணக்கு

மறுப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் அமைப்புகளைப் பற்றியது. 2008இல் தாமஸ் கேயும் உடனாய்வாளர்களும், குழாய் போன்ற மென்மையான அமைப்புகள் எலும்பின் நுண்துளைகளில் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய படலத்தின் வார்ப்புகள் என்றும், செல்களாகக் கருதப்பட்டவற்றில் சில நுண்ணிய தாதுக் கோளங்கள் என்றும் வாதிட்டனர். வடிவ ஒற்றுமை மூலத்தை நிறுவாது என்பது இதில் கிடைக்கும் பாடம். ஆனால் கொலாஜனைப் பாக்டீரியாப் படலம் உண்டாக்குவதில்லை. எனவே புரத வரிசைகளை இந்த விளக்கம் மட்டும் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, மாசு பற்றியது. 2017இல் மைக்கேல் பக்லியின் குழு, அறிவிக்கப்பட்ட டைனோசர் வரிசைகளை மறுஆய்வு செய்து, அவற்றைத் தற்காலத் தீக்கோழியின் கொலாஜனிலிருந்து பிரித்தறிவது கடினம் என்று காட்டியது. ஒப்பீட்டுக்காக அந்த ஆய்வுகளில் தீக்கோழி எலும்பும் கையாளப்பட்டிருந்ததால், கலப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் ஐயம். பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள். வரிசைகள் ஒத்திருப்பது எதிர்பார்க்கத்தக்கதே என்பது மறுதரப்பின் பதில். ஆகவே இந்த ஒற்றுமை இரு தரப்புக்கும் உதவுகிறது, எதையும் முடிவுகட்டவில்லை. 2019இல் எவன் சைட்டாவின் குழு கனடாவின் ஆல்பர்ட்டாவில் சென்ட்ரோசாரஸ் எலும்புகளைத் தொற்றுநீக்கிய முறையில் தோண்டி ஆராய்ந்தது. பழங்காலக் கொலாஜனுக்கான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாறாக, அண்மைக்காலக் கரிமப் பொருளும் எலும்புக்குள் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் கிடைத்தன. புதைபடிவ எலும்பு வெளியுலகிலிருந்து மூடப்பட்ட பெட்டகம் என்ற எண்ணத்தை இம்முடிவு வலுவாக அசைக்கிறது.

மூன்றாவது, வேதி இயக்கவியலின் கணக்கு. மிதமான வெப்பத்தில் கொலாஜன் சிதையும் வேகத்தை வைத்து நீட்டிப் பார்த்தால், சில இலட்சம் ஆண்டுகளில் அதன் மிகச் சிறு பங்கே எஞ்சும். டைனோசர் புரதத்துக்கான வயதோ அதைப் போல் நூறு மடங்குக்கு மேல். இக்கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. உயர் வெப்பத்தில் குறுகிய காலச் சோதனையில் கண்ட வேகத்தைக் கோடி ஆண்டுகளுக்கு நீட்டுவதில் பிழை பெருகும். தாதுவோடு பிணைந்த புரதமும் தனித்த புரதமும் ஒரே வேகத்தில் சிதையும் என்பதற்கு உறுதி இல்லை.

உருமாறி எஞ்சுதல்: இடைப்பட்ட விடை

மேற்கண்ட இரு தரப்புக்கும் நடுவே இன்னொரு விளக்கம் வளர்ந்துள்ளது. மூலக்கூறு அப்படியே எஞ்சவில்லை, முற்றிலும் அழியவும் இல்லை, வேறொன்றாக மாறி நிலைத்தது என்பது அதன் சாரம்.

ஷ்வைட்சர் குழு 2010களில் முன்வைத்த இரும்புக் கருதுகோள் இதன் ஒரு வடிவம். இறந்தபின் இரத்தத்தின் ஹீமோகுளோபினிலிருந்து விடுபடும் இரும்பு, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கி, புரத இழைகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்துவிடுகிறது என்பது கருத்து. சிவப்பணுச் சாற்றில் ஊறிய தீக்கோழி இரத்தக் குழாய்கள் அறை வெப்பத்தில் இரண்டு ஆண்டுகள் கெடாமல் இருந்தன. வெறும் நீரில் இட்டவை சில நாள்களில் சிதைந்தன. சோதனை தெளிவானது. ஆனால் இரண்டு ஆண்டுக்கும் ஆறு கோடி ஆண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அது கடக்கவில்லை.

2018இல் யாஸ்மினா வீமன் குழு இன்னும் பொதுவான வழியை முன்மொழிந்தது. ஆக்சிஜன் மிகுந்த புதைவிடங்களில் புரதம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் விளைபொருள்கள் தம்முள் வினைபுரிந்து, நைட்ரஜன் வளையங்கள் கொண்ட பழுப்பு நிறப் பாலிமர்களாக மாறுகின்றன. தோசையும் ரொட்டியும் சிவக்கும்போது நிகழும் வேதிவினையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். நீரை விலக்கும் இந்தப் பாலிமர்களை நுண்ணுயிர்களால் எளிதில் செரிக்க முடியாது. செல், குழாய் ஆகியவற்றின் உருவம் நிலைத்து, உள்ளிருந்த புரதத்தின் வரிசை தொலைந்துபோவதை இவ்விளக்கம் ஒருசேரப் புரியவைக்கிறது.

இதுவும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. இதற்குச் சான்றாக, ராமன் நிறமாலையில் கரிமப் பொருளின் அடையாளங்களாகக் காட்டப்பட்ட முகடுகளில் பல, கருவியின் வடிகட்டியால் உண்டான அலைவுகள் என்று ஜூலியன் அலியோன் குழு 2021இல் வாதிட்டது. அந்த நிறமாலைகளைக் கொண்டு உறவுமுறையையும் உடற்செயலியலையும் கணிக்க முனைந்த தொடர் ஆய்வுகளை இந்த விமர்சனம் நேரடியாகப் பாதிக்கிறது. உருமாற்றம் நிகழ்கிறது என்ற அடிப்படைக் கருத்தை அது அதே அளவுக்குப் பாதிப்பதாகத் தெரியவில்லை.

சர்ச்சை குறைந்த மூலக்கூறுகள்

டைனோசர் புரதம் பற்றிய விவாதத்தின் இரைச்சலில், வேறு சில மூலக்கூறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கியது வலுவாக நிறுவப்பட்டிருப்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை.

மெலனின் நிறமி அவற்றுள் ஒன்று. ஜுராசிக் காலக் கணவாயினத்தின் மைப்பையில் 16 கோடி ஆண்டு பழமையான யூமெலனின், பல வேதி முறைகளால் 2012இல் உறுதிசெய்யப்பட்டது. புதைபடிவ இறகுகளில் காணப்பட்ட நுண்மணிகள் பாக்டீரியாக்கள் அல்ல, நிறமி உறைந்த மெலனோசோம்கள் என்று 2008இல் யாக்கோப் விந்தர் குழு எழுதியது. அழிந்த விலங்குகளின் நிறத்தைக் கணிக்கும் ஆய்வு அதிலிருந்து பிறந்தது. 2013இல், மொன்டானாவில் கிடைத்த 4.6 கோடி ஆண்டு பழமையான, இரத்தம் குடித்த கொசுவின் வயிற்றில் ஹீமின் தடயம் கண்டறியப்பட்டது. கணுக்காலிகளின் புறவோட்டில் கைட்டின்–புரதக் கூட்டின் எச்சம், 31 கோடி ஆண்டுத் தேளிலும் 41 கோடி ஆண்டைத் தாண்டிய கடல்தேளிலும் 2011இல் அறிவிக்கப்பட்டது.

கொழுப்பு வகைகளின் கதை இன்னும் தொலைவு செல்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பாறையடுக்கில் 38 கோடி ஆண்டு ஓட்டுடலி ஒன்று தாதுக் கட்டிக்குள் மூடப்பட்டுக் கிடந்தது. ஸ்டெரால்களும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் அதனுள் சேர்ந்தே எஞ்சின. டிக்கின்சோனியா எனும் எடியகாரன் கால உயிர் விலங்கா, லைக்கனா, பெரிய ஒற்றைச் செல் உயிரா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது. ரஷ்யாவின் வெண்கடல் கரையில் கிடைத்த 55.8 கோடி ஆண்டு மாதிரிகளில், ஸ்டீராய்டுகளில் 93 விழுக்காடு வரை கொலஸ்ட்ரால் வழிவந்தவை என்று 2018இல் இல்யா பொப்ரோவ்ஸ்கி குழு காட்டியது. சூழ்ந்த படிவிலோ பாசிகளுக்குரிய ஸ்டீராய்டுகளே மேலோங்கியிருந்தன. அது விலங்கு என்ற தரப்புக்கு இதைவிட நேரடியான வேதிச் சான்று அதுவரை கிடைத்ததில்லை. இங்கே எஞ்சியது முழு மூலக்கூறு அன்று. கார்பன் எலும்புக்கூடு மட்டுமே. எனினும் வகைப்பாட்டுக் கேள்விக்கு விடை சொல்ல அது போதுமானதாக இருந்தது.

தாதுவின் காப்பில் புரதம்

புரத வரிசை எவ்வளவு தொலைவு எட்டும் என்ற கேள்விக்கு, டைனோசர் எலும்பை விடுத்து, படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லும் ஆய்வுகள் உறுதியான விடைகளைத் தருகின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஏறத்தாழ 35 இலட்சம் ஆண்டு ஒட்டகத்தின் கொலாஜன் 2013இல் அடையாளம் காணப்பட்டது. 2016இல் பியத்ரிஸ் தெமார்க்கி குழு, தான்சானியாவின் லேட்டோலியில் 38 இலட்சம் ஆண்டுத் தீக்கோழி முட்டையோட்டில் புரத வரிசையைப் படித்தது. வெப்ப மண்டலத்தில் அது சாத்தியமானதற்குக் காரணம், ஒரு குறிப்பிட்ட புரதப் பகுதி ஓட்டின் கால்சைட் பரப்பில் இறுகப் பிணைந்திருந்ததே. 2019இல் ஜார்ஜியாவின் த்மானிசியில் 17.7 இலட்சம் ஆண்டுக் காண்டாமிருகப் பல்லின் எனாமல் புரதங்கள் படிக்கப்பட்டன.

2025இல் இந்த எல்லை மிக வேகமாகப் பின்னகர்ந்தது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் ஹாட்டன் விண்கல் பள்ளத்தில் கிடைத்த காண்டாமிருகப் பல்லிலிருந்து 2.1 முதல் 2.4 கோடி ஆண்டு பழமையான எனாமல் புரத வரிசைகள் வெளியாயின. வெப்பமான கென்யத் துர்க்கானா வடிநிலத்திலிருந்து 1.8 கோடி ஆண்டு வரையிலான எனாமல் புரதத் துண்டுகள் அதே நாள்களில் அறிவிக்கப்பட்டன. எனாமல் உடலின் மிகக் கடினமான, நுண்துளை மிகக் குறைந்த பொருள். எலும்பைப் போல் அது வெளியிலிருந்து மாசை எளிதில் உள்ளே விடுவதில்லை.

எஞ்சியிருப்பதும் இன்னும் திறந்திருப்பதும்

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, ‘எஞ்சுமா, எஞ்சாதா’ என்று ஒரே விடை கேட்பது பயன் தராது என்று தோன்றுகிறது. டி.என்.ஏ. சில பத்து இலட்சம் ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. தாது காத்த புரத வரிசை இரண்டு கோடி ஆண்டுகளைத் தாண்டுகிறது. மெலனின், ஹீம், கைட்டின் ஆகியவற்றின் மாறிய வடிவங்கள் கோடிகளைக் கடந்து நிற்கின்றன. ஸ்டீராய்டின் கார்பன் எலும்புக்கூடு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு அப்பாலும் கிடைக்கிறது. வரிசையில் தகவலைச் சுமக்கும் மூலக்கூறு முதலில் அழிகிறது. எளிய, இறுகிய கட்டமைப்பு கடைசிவரை தாங்குகிறது.

டைனோசர் கொலாஜன் இந்த ஏணியின் நிறுவப்பட்ட படிகளுக்கு மேலே தனித்து நிற்கிறது. அதை மறுக்கும் சான்று முழுமையானதல்ல. ஏற்கும் சான்றும் வேறு ஆய்வகங்களில், வேறு எலும்புகளில், தொடக்கம் முதல் மாசு தடுத்த முறையில் போதிய அளவு மறுபடி பெறப்படவில்லை. இரண்டு கோடிக்கும் ஏழு கோடிக்கும் இடைப்பட்ட காலத்தின் எனாமலையும் முட்டையோட்டையும் முறையாகச் சோதித்தால், இவ்வழக்கு வாதத்தால் அல்லாமல் அளவீட்டால் தீரும் வாய்ப்பு உண்டு.

வேறு கேள்விகளும் திறந்தே உள்ளன. தாதுவோடு பிணைந்த புரதம் எந்த வேகத்தில் சிதைகிறது? உருமாறிய பாலிமரிலிருந்து மூல உயிரைப் பற்றி எதுவரை நம்பகமாக ஊகிக்கலாம்? மணற்கல், சுண்ணாம்புக்கல், களிமண் ஆகியவற்றில் எது எதைக் காக்கிறது? இவற்றுக்கு இன்னும் பொதுவிதி இல்லை. டைனோசர் எலும்பில் மென்திசு இருந்தால் பூமியே இளமையானது என்று சிலர் செய்யும் பரப்புரைக்கும் இங்கே இடமில்லை. பாறையின் வயது கதிரியக்கத் தனிமங்களின் சிதைவால் தனியே அளக்கப்படுகிறது. மென்திசுவின் இருப்பு அந்த அளவீட்டை மாற்றாது.

தோண்டுபவர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றுண்டு. பசையும் மெருகுப் பூச்சும் ஏறிய எலும்பு வேதியியலுக்குப் பெரும்பாலும் பயன்படாது. கிடைக்கும் ஒவ்வொரு முக்கியப் புதைபடிவத்திலும் ஒரு சிறு பகுதியை, சூழ்ந்த மண்ணோடு சேர்த்து, தொடாமல், பூசாமல், குளிரில் வைத்துக் காக்க வேண்டும். இன்றைய கருவிகளால் விடைகாண முடியாத கேள்விகளுக்கு நாளைய கருவிகள் விடை சொல்ல, அந்தச் சிறு பகுதி கெடாமல் இருக்க வேண்டும்.